கறிவேப்பிலை முதல் ரோஸ்மேரி வரை... பச்சை இலையை எப்போ போடணும், காய்ந்த இலையை எப்போ போடணும்? மேட்டுப்பாளையம் சமையலில் இருக்கும் விளக்கம்

கோவையிலிருந்து காரமடை வழியா மேட்டுப்பாளையம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறீர்களா? தென்னை, வாழைக்கு நடுவில் இடுப்பளவு உயரத்தில் அடர் பச்சையாக வயல் வயலாக ஒரு செடி தெரியும். புதுசாகப் பார்ப்பவர்கள் தேயிலையோ என்று நினைப்பார்கள். தேயிலை மேலே மலையில்தான். இது கறிவேப்பிலை. வீட்டுக் கொல்லையில் ஒரு மரம் பார்த்திருப்போம். ஏக்கர் கணக்கில் கறிவேப்பிலை நிற்பதைப் பார்க்கணும் என்றால் இந்தப் பக்கம் வரணும்.

இங்கே கட்டுக்கட்டாக அறுத்த இலை லாரி ஏறி கேரளாவுக்கும் மற்ற மாநிலங்களுக்கும் போகிறது. அதே ஊர் காய்கறிக் கடையில் கடைசியாகப் பைக்குள் விழுவதும் இதே இலைதான். கூடவே நாலு காம்பு மல்லித்தழை. காசு கிடையாது, கொசுறு. விலை ஏறுகிற நாட்களில் மட்டும் கடைக்காரர் கொசுறை நிறுத்திவிடுவார், அப்போதுதான் அதன் அருமை தெரியும்.

சும்மா வருகிற பொருளை நாம் எப்படி நடத்துகிறோம்? கறிவேப்பிலையைத் தட்டோரம் ஒதுக்குகிறோம். மல்லித்தழையைக் குழம்பு கொதிக்கும்போதே போட்டு மணத்தை ஆவியில் விடுகிறோம். மீதியை ஈரத்தோடு பாலிதீன் கவரில் சுருட்டி ஃப்ரிட்ஜில் வைக்கிறோம், நாலாம் நாள் கறுப்பாக எடுத்து எறிகிறோம்.

உண்மையில் ஒரே இலைதான். எண்ணெயில் போட்டால் ஒரு ருசி, கடைசியில் தூவினால் ஒரு ருசி, காயவைத்துப் பொடித்தால் வேறொரு ருசி. எதை எப்போ போடணும், ஏன் என்று பார்க்கலாம். அதற்கு முன்னாடி கழுவுகிற விஷயம் ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டிப் போக முடியாது.

கறிவேப்பிலையை ஏன் அவ்வளவு கழுவணும்?

இந்தப் பகுதியில் அதிகம் பயிராவது செங்காம்பு என்ற ரகம். பெயரே சொல்கிறது, இலைக்காம்பு செந்நிறமாக இருக்கும், மணம் தூக்கலாக இருக்கும். நன்றாக வளர்ந்த தோட்டத்தில் இரண்டரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறுவடை. அறுத்ததும் மறுபடி துளிர்க்கும். பிரச்னை தொடங்குவது அந்தத் துளிரில்தான்.

கறிவேப்பிலை எலுமிச்சை, ஆரஞ்சு குடும்பத்தைச் சேர்ந்த செடி. எலுமிச்சையைத் தாக்கும் சைலிட் என்ற சாறு உறிஞ்சும் பூச்சி இதன் இளந்துளிரையும் விடாது. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு இலையைத் தின்னும். இலைப்புள்ளி நோய் வேறு. கத்திரிக்காயில் இலையைப் பூச்சி தின்றால் காயாவது மிஞ்சும். இங்கே இலையேதான் சரக்கு. இலையில் ஒரு ஓட்டை இருந்தாலும் நாம் வாங்க மாட்டோம், மார்க்கெட்டில் விலை போகாது. அதனால் மருந்து அடிக்கிறார்கள். அடித்த மருந்தின் வீரியம் குறைவதற்குள் அறுத்துவிட்டால், எச்சம் இலையோடு வந்துவிடும்.

இது ஊர்ப் பேச்சு மட்டும் இல்லை. 2014 ஆகஸ்டில் ஐரோப்பிய யூனியன், இந்தியாவிலிருந்து வரும் வெண்டைக்காய், கறிவேப்பிலை இரண்டுக்கும் பூச்சிமருந்து எச்சம் காரணமாகத் தனி நிபந்தனை கொண்டுவந்தது. சோதனை முடிவும் சான்றிதழும் இருந்தால்தான் சரக்கு உள்ளே போக முடியும் என்று அப்போது விதித்தது. 2015இல் தமிழ்நாட்டிலிருந்து போகும் காய்கறிகளில் மருந்து எச்சம் இருப்பதாகக் கேரளா கிளப்பிய புகார், இரண்டு மாநிலங்களுக்கு இடையே பெரிய விவாதமாகவே ஆனது.

விவசாயியை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஓட்டை விழுந்த இலையை ஒதுக்குகிற நமக்கும் இதில் பங்கு உண்டு. மருந்து குறைவாக அடித்த தோட்டத்து இலை கொஞ்சம் கடிபட்டுத்தான் வரும். அடுத்த முறை அப்படி ஒரு கொத்து கைக்கு வந்தால் திருப்பிக் கொடுக்காதீங்க.

வீட்டில் என்ன செய்யலாம்? குழாய்த் தண்ணீரில் ஒரு அலசு அலசிப் போடுவது போதாது. நெல்லிக்காய் அளவு புளியை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, அதில் கொத்தைக் கால் மணி நேரம் மூழ்க வையுங்க. புளி இல்லையென்றால் கல்லுப்பு போட்ட தண்ணீர். பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்க. தூசியும், இலை மேல் படிந்த மருந்தில் ஒரு பகுதியும் போகும். செடிக்குள்ளேயே ஊடுருவும் வகை மருந்து எந்தத் தண்ணீரில் கழுவினாலும் போகாது, அதையும் சொல்லிவிடணும். அதனால்தான் இந்தக் கட்டுரையின் கடைசியில் ஒரு தொட்டி பற்றிப் பேசுகிறோம்.

கழுவிய இலையைத் துணியில் ஒற்றி எடுத்துவிட்டுத்தான் எண்ணெயில் போடணும். ஈரத்தோடு போட்டு முகத்தில் தெறித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எண்ணெயிலா, கடைசியிலா?

இலையின் மணம் என்பது அதற்குள் இருக்கும் எண்ணெய்த் துளிகள். இவற்றுக்கு இரண்டு குணம். சீக்கிரம் ஆவியாகும். தண்ணீரை விட எண்ணெயிலும் நெய்யிலும் நன்றாகக் கரையும். இந்த இரண்டு குணத்தை வைத்தே மொத்த விஷயத்தையும் புரிந்துகொள்ளலாம்.

கறிவேப்பிலை தடித்த இலை. வெறும் தண்ணீரில் போட்டால் மணத்தை சீக்கிரம் விடாது. சூடான எண்ணெயில் போட்டால் 'சடசட'வென்று பொரிந்து, மணம் அந்த எண்ணெயில் இறங்கிவிடும். பிறகு அந்த எண்ணெய் சட்டி முழுக்கப் பரவும். தாளிப்பு என்பது இதுதான். கறிவேப்பிலையின் தனி மணத்துக்குக் காரணம் கந்தகம் கலந்த ஒரு வேதிப்பொருள் என்று ஜெர்மனியில் நடந்த ஆய்வு ஒன்று 2015இல் கண்டுபிடித்துச் சொன்னது. பெயர் நமக்குத் தேவையில்லை. மூக்குக்கு அது ஏற்கனவே தெரியும்.

மல்லித்தழை நேர் எதிர். மெல்லிய இலை, மணம் உடனே ஓடிவிடும். பத்து நிமிஷம் கொதித்தால் பச்சை நிறமும் போகும், மணமும் போகும், தழை மட்டும் மிதக்கும். அதனால் அடுப்பை அணைத்த பிறகுதான் தழை. ஆனால் மல்லியின் தண்டும் வேரும் அப்படி இல்லை. நன்றாக மண் போகக் கழுவி மசாலாவோடு அரைத்துவிட்டால் கொதிக்கக் கொதிக்க நிற்கும். நிறைய பேர் தண்டை வெட்டி எறிகிறார்கள், குழம்புக்கு ருசியே அதில்தான்.

புதினா நடுவில் நிற்கிறது. பிரியாணியில் வேகவும் செய்யும், மோரில் பச்சையாகவும் கிடக்கும். துவையலுக்கு வதக்கும்போது மட்டும் கவனம். இலை சுருண்டதும் இறக்கிடுங்க, அதற்கு மேல் வதக்கினால் கசப்பு எட்டிப் பார்க்கும்.

அரிசிம்பருப்பில் இதை நேரில் பார்க்கலாம்

கொங்கு வீடுகளில் என்ன சமைக்கிறது என்று யோசிக்க நேரமில்லாத நாளில் செய்வது அரிசிம்பருப்பு. ஒரு குக்கர், ஒரு அப்பளம், முடிந்தது வேலை.

ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளருக்குக் கொஞ்சம் கூட துவரம்பருப்பு. இரண்டையும் கழுவி இருபது நிமிஷம் ஊறவிடுங்க. குக்கரில் இரண்டு ஸ்பூன் கடலெண்ணெய் விட்டு கடுகு, சீரகம், மூணு வரமிளகாய் போட்டுத் தாளிச்சு, துடைத்து வைத்த கறிவேப்பிலை இரண்டு கொத்தை உருவிப் போடுங்க. அது பொரிந்ததும் ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், ஆறு பல் பூண்டு, ஒரு தக்காளி. வதங்கியதும் மஞ்சள்தூள், காரத்துக்கு ஏற்ப மிளகாய்த்தூள், உப்பு. பிறகு அரிசி, பருப்பு, மூன்றரை டம்ளர் தண்ணீர். மூணு விசில். புழுங்கலரிசி என்றால் ஒரு விசில் கூட.

ஆவி அடங்கித் திறந்ததும் ஒரு ஸ்பூன் நெய், ஒரு கைப்பிடி நறுக்கிய மல்லித்தழை. கிளறி மூடி ஐந்து நிமிஷம் விடுங்க. அந்தச் சூட்டிலேயே தழை வாடும், மணம் நெய்யில் பிடிக்கும், வெளியே ஓடாது.

நம்பிக்கை வரவில்லை என்றால் ஒரு நாள் மல்லித்தழையைத் தண்ணீரோடு குக்கருக்குள்ளேயே போட்டுப் பாருங்க. அடுத்த முறை கடைசியில் போட்டுப் பாருங்க. வீட்டில் கேட்காமலேயே சொல்வார்கள்.

தட்டோரம் ஒதுக்காத கறிவேப்பிலை

வேலை முடிந்ததும் ஒருத்தரைக் கழற்றிவிட்டால் 'கறிவேப்பிலை மாதிரி தூக்கிப் போட்டுட்டாங்க' என்று சொல்வோம். பழமொழி ஆகும் அளவுக்கு ஒதுக்கியிருக்கிறோம்.

'கறிவேப்பிலையில் கால்சியம் இருக்கு, இரும்புச்சத்து இருக்கு' என்ற வாட்ஸ்அப் மெசேஜ் பார்த்திருப்பீங்க. பொய் இல்லை. 100 கிராம் இலையில் 600 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. ஆனால் 100 கிராம் என்பது பெரிய குவியல். தாளிப்புக்கு நாம் போடுவது இரண்டு மூணு கிராம், அதையும் நாலு பேர் பகிர்ந்து ஒதுக்கி வைக்கிறோம். தாளித்த கறிவேப்பிலையால் கால்சியம் ஏறும் என்று நம்புவது வீண். இலையையே அரைத்துச் சாப்பிட்டால்தான் கணக்கில் வரும். முடி கொட்டுவது நிற்கும், சர்க்கரை குணமாகும் என்கிற பேச்சையெல்லாம் நம்பி மாத்திரையை நிறுத்தாதீங்க. இது சாப்பாடு.

அரைத்துச் சாப்பிட நல்ல வழி கறிவேப்பிலைக் குழம்பு. உருவிய இலை இரண்டு கைப்பிடி எடுத்துக்கோங்க. கொஞ்சம் எண்ணெயில் ஒரு ஸ்பூன் உளுத்தம்பருப்பு, ஒரு ஸ்பூன் துவரம்பருப்பு, ஒரு ஸ்பூன் மிளகு, அரை ஸ்பூன் சீரகம், இரண்டு வரமிளகாய் இவற்றை சிவக்க வறுத்து, கடைசியில் இலையைப் போட்டு ஒரே நிமிஷம் பிரட்டி இறக்கணும். இலை பச்சை மாறக்கூடாது. ஆறியதும் விழுதாக அரைங்க.

சட்டியில் நல்லெண்ணெய் தாராளமாக மூணு ஸ்பூன். கடுகு, கொஞ்சம் வெந்தயம், பத்துப் பதினைந்து சின்ன வெங்காயம், அதே அளவு பூண்டு. நன்றாக வதங்கியதும் எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து ஊற்றி, மஞ்சள்தூள், உப்பு போட்டுப் பச்சை வாசனை போகக் கொதிக்க விடுங்க. விழுதைப் போட்டு, தீயைக் குறைத்து, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நிற்கும் வரை விட்டால் போதும். சூடான சோற்றில் பிசைந்தால் தொட்டுக்கொள்ள சுட்ட அப்பளமே போதும். ஃப்ரிட்ஜில் வைத்தால் மூணு நாலு நாள் இருக்கும், மறுநாள்தான் இன்னும் ருசி.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கதை. கறிவேப்பிலையின் தாவரவியல் பெயரில் 'கோனிகி' என்று ஒரு சொல் வரும். அது யோகான் கெரார்டு கோனிக் என்பவரின் பெயர். தாவரங்களுக்குப் பெயர் வைக்கும் முறையை உருவாக்கிய லின்னேயஸின் மாணவர். 1768இல் மருத்துவராக நம்ம தரங்கம்பாடிக்கு வந்தவர், இங்கேயே செடிகளைச் சேகரித்து லின்னேயஸுக்கு அனுப்பினார். 1771இல் லின்னேயஸ் இந்தச் செடிக்கு அவர் பெயரைச் சூட்டினார். ரசத்தில் கறிவேப்பிலை போட்டவர்கள் பெயர் எதிலும் இல்லை, அது வேறு விஷயம்.

எதைக் காயவைக்கலாம், எதைக் காயவைக்கக் கூடாது?

இலையைக் காயவைக்கும்போது தண்ணீர் மட்டும் போவதில்லை, சீக்கிரம் ஆவியாகும் மணமும் சேர்ந்து போகும். மிஞ்சுவது கனமான மணம் மட்டும். எனவே எந்த இலையில் கனமான மணம் அதிகமோ அது காய்ந்தாலும் ருசிக்கும்.

மல்லித்தழை இதில் முதல் தோல்வி. காய்ந்த தழை பச்சைத் தூசி மாதிரிதான், போட்டும் பயனில்லை. மீந்த மல்லியைக் காயவைக்காமல் தொக்காகக் கிளறிடுங்க. கற்பூரவல்லி, சிலர் ஓமவல்லி என்பார்கள், அது தண்ணீர் நிறைந்த தடித்த இலை. காய்வதற்குள் கறுத்துவிடும். அதைப் பச்சையாகப் பறித்து ரசம் இறக்கும்போது கிள்ளிப் போடலாம், இல்லையென்றால் மழை நாளில் பஜ்ஜி. புதினா நன்றாகக் காயும். காய்ந்த புதினாவை உள்ளங்கையில் கசக்கி, வறுத்த சீரகம், உப்போடு மோரில் போட்டால் சித்திரை வெயிலுக்கு அருமையாக இருக்கும்.

கறிவேப்பிலை இரண்டுங்கெட்டான். காய்ந்தால் அந்தப் பச்சை வாசம் குறையும், ஆனால் வறுத்த பருப்போடு பொடியாகும்போது வேறு ஒரு நல்ல மணம் வரும். எனவே காய்ந்த கறிவேப்பிலையைத் தாளிப்புக்குப் போடாதீங்க, எண்ணெயில் விழுந்ததும் கருகும். பொடிக்கு மட்டும்.

காயவைப்பது நிழலில். வெயிலில் போட்டால் நிறம் வெளுத்து மணமும் போகும். கழுவி, ஈரம் ஒற்றி, வேட்டித் துணியில் பரப்பி, காற்றோட்டமான இடத்தில் மூணு நாலு நாள். விரலில் நொறுக்கினால் சத்தம் வரணும், வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இது நடக்காது. அப்போது இரும்புச் சட்டியை மிதமாகச் சூடு பண்ணி, அடுப்பை அணைத்துவிட்டு, அந்தச் சூட்டில் இலையைப் பிரட்டி எடுக்கலாம்.

பொடிக்கு இரண்டு கப் காய்ந்த இலை. கால் கப் உளுத்தம்பருப்பு, அதில் பாதி கடலைப்பருப்பு, ஆறு வரமிளகாய், ஒரு ஸ்பூன் மிளகு, சின்னத் துண்டு பெருங்காயம், சின்ன நெல்லிக்காய் அளவு புளி. எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணெய் இல்லாமல் வறுத்து, ஆறவைத்து, கல்லுப்போடு பரபரவென்று அரைங்க. சூடாக இருக்கும்போது டப்பாவில் அடைத்தால் மூடியில் வேர்த்து, பத்து நாளில் பூசணம் பிடிக்கும். பூசணம் பிடித்த பொடியை மேலோட்டமாக வழித்துவிட்டு மீதியைச் சாப்பிடும் வேலை வேண்டாம், முழுசாக எறிந்திடுங்க.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு ஒரு தகவல். அமெரிக்காவுக்குப் பச்சைக் கறிவேப்பிலையைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோக முடியாது, விமான நிலையத்தில் எடுத்துப் போட்டுவிடுவார்கள். காரணம் முன்னாடி சொன்ன அதே சைலிட் பூச்சி. அங்குள்ள ஆரஞ்சுத் தோட்டங்களை அழிக்கும் நோயைப் பரப்புவது அதுதான். பேத்திக்கு ஆசையாகக் கட்டிக் கொடுத்த கொத்து குப்பைத்தொட்டிக்குப் போவதை விட, புறப்படும் முன் விதிமுறையைப் பார்த்துக்கொள்வது நல்லது.

சரி, காயவும் வைக்காமல், கெடவும் கூடாது என்றால்? ஃப்ரீசர்தான். கழுவித் துடைத்த கறிவேப்பிலையை உருவி, காற்று போகாத கவரில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால், காயவைத்ததை விட மணம் அதிகம் நிற்கும். எடுத்ததும் அப்படியே எண்ணெயில் போடலாம். கீழ்த் தட்டில் வைப்பதாக இருந்தால் கழுவாமல் பேப்பரில் சுருட்டி டப்பாவில் வையுங்க, கழுவுவது சமைக்கும்போது. மல்லித்தழையைப் பூங்கொத்து மாதிரி ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்தி, மேலே ஒரு கவரைக் கவிழ்த்து வைத்தால் ஒரு வாரம் வாடாது.

காய்ந்த மல்லி வேற, மல்லித்தழை வேற

ஒரே செடிதான், ஆனால் விதையும் தழையும் மணத்தில் உறவே இல்லாதவை. தழை காய்ந்தால் செத்தது. விதை காய்ந்தால்தான் உயிர் வரும். கொங்குக் குழம்புகளில் தூள் டப்பாவைத் திறப்பதை விட, மல்லிவிதையை அப்போதே வறுத்து அரைப்பதுதான் வழக்கம். விதையை முழுசாக வைத்திருக்கும் வரை மணம் உள்ளேயே இருக்கும். பொடித்ததும் ஓட ஆரம்பிக்கும். ஆறு மாசத்துக்கு அரைத்து வைத்த மல்லித்தூளில் நிறம் இருக்கும், வாசம் இருக்காது.

கொள்ளு ரசத்தில் இது தெளிவாகத் தெரியும். அரை டம்ளர் கொள்ளை வாசம் வரும் வரை வறுத்து, இரவே ஊறவைத்து, மறுநாள் நாலு டம்ளர் தண்ணீரில் ஏழெட்டு விசில் விட்டு வேகவையுங்க. தண்ணீரை வடித்து எடுத்துக்கோங்க. ரசத்தின் அடிப்படை அதுதான். வெந்த கொள்ளில் இரண்டு ஸ்பூன், ஒரு பெரிய ஸ்பூன் மல்லிவிதை, ஒரு ஸ்பூன் மிளகு, ஒரு ஸ்பூன் சீரகம், ஐந்து பல் பூண்டு, இரண்டு சின்ன வெங்காயம். மல்லி, மிளகு, சீரகத்தை லேசாக வறுத்து எல்லாவற்றையும் சேர்த்து அரைங்க. கடுகு, வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, தக்காளி ஒன்று வதக்கி, அரைத்ததையும் கொள்ளுத் தண்ணீரையும் கொஞ்சம் புளிக்கரைசலையும் ஊற்றுங்க. நுரைத்து வரும்போது அணைத்திடணும், தளதளவென்று கொதிக்கவிட்டால் மணம் போய்விடும். மேலே மல்லித்தழை. மீதிக் கொள்ளைக் கடைந்துவிட்டால் அதே வேளைக்குத் தொட்டுக்க ஆச்சு.

கவனித்தீர்களா? ஒரே சட்டியில் கறிவேப்பிலை எண்ணெயில் போனது, காய்ந்த மல்லி நடுவில் போனது, பச்சைத் தழை கடைசியில் போனது. சளி பிடித்தால், பிள்ளை பெற்ற வீட்டில் இங்கே வைக்கும் செலவு ரசமும் இதே குடும்பம்தான். அதில் கொள்ளு இருக்காது, மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், பூண்டு தூக்கலாக இருக்கும்.

மலையிலிருந்து இறங்கும் இலைகள்

மேட்டுப்பாளையம் நீலகிரியின் வாசல். ஊட்டி மலை ரயில் இங்கிருந்துதான் ஏறும், மலைக் காய்கறி இங்கேதான் இறங்கும். கேரட், பீட்ரூட், முட்டைகோஸ், முக்கியமாக உருளைக்கிழங்கு. கிழங்கு மண்டிக்குப் பேர் போன ஊர் இது.

அதே மலையில் ரோஸ்மேரி, தைம் போன்ற செடிகளும் விளைகின்றன. மத்தியதரைக் கடல் பக்கத்துச் செடிகள், நீலகிரி குளிருக்கு ஒத்துப்போய்விட்டன. ஊட்டி தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ரோஸ்மேரியில் ஒரு ரகமே வந்திருக்கிறது. ஊட்டி போனவர்கள் கடையில் தைல பாட்டிலுக்குப் பக்கத்தில் இந்தப் பாக்கெட்டையும் வாங்கி வந்து, எதற்கு என்று தெரியாமல் அலமாரியில் வைத்திருப்பார்கள்.

இவை கறிவேப்பிலைக்குத் தம்பி மாதிரி. தடித்த, எண்ணெய்ப் பசை உள்ள இலை, சூட்டைத் தாங்கும். ஆனால் காய்ந்தாலும் மணம் அவ்வளவாகக் குறையாது என்பதில் அண்ணனை மிஞ்சிவிடும். பொதுவாகப் பச்சை இலை மூணு ஸ்பூன் போடும் இடத்தில் காய்ந்தது ஒரு ஸ்பூன் போதும். ரோஸ்மேரி அளவு மீறினால் சாப்பாடு தைலம் மாதிரி மணக்கும், ஜாக்கிரதை.

நம்ம வீட்டுக்கு ஏற்ற வழி உருளைக்கிழங்குதான். நாலு கிழங்கைத் தோலோடு முக்கால் பதம் வேகவைத்து, பெரிய துண்டாக வெட்டிக்கோங்க. தோசைக்கல்லில் இரண்டு ஸ்பூன் கடலெண்ணெய், நசுக்கிய பூண்டு நாலு பல், காய்ந்த ரோஸ்மேரி அரை ஸ்பூன் நொறுக்கிப் போட்டு, அரை நிமிஷம் எண்ணெயில் மணம் இறங்க விடுங்க. கிழங்கைப் போட்டு, உப்பு, இடித்த மிளகு தூவி, தீயைக் குறைத்து ஓரம் முறுகும் வரை புரட்டுங்க. மிளகாய்த்தூள் வேண்டாம், மணத்தை அமுக்கிவிடும். தயிர் சாதத்துக்கு இது நன்றாகச் சேரும். பிள்ளைகளுக்கு 'பீட்சா வாசனை' என்று சொன்னால் பேச்சே இல்லாமல் காலியாகும். பீட்சாவில் இருப்பது பெரும்பாலும் ஒரிகானோ, ஆனால் அதை இப்போ அவர்களிடம் சொல்ல வேண்டாம்.

கடைசியாக அந்தத் தொட்டி

மருந்து பயம் இல்லாமல் அரைத்துச் சாப்பிட ஒரே நிச்சயமான வழி சொந்தச் செடி. மொட்டை மாடியோ பால்கனியோ போதும், நல்ல வெயில் படணும். நர்சரியில் கன்று வாங்கலாம். பக்கத்து வீட்டு மரத்தில் கறுப்பாகப் பழுத்த பழம் இருந்தால் கேட்டு வாங்கி, சதையை நீக்கி, உடனே மண்ணில் ஊன்றுங்க. இந்த விதையைக் காயவைத்து டப்பாவில் பத்திரப்படுத்தினால் முளைக்காது, சீக்கிரமே முளைப்புத் திறன் போய்விடும். பெரிய மரத்தின் அடியில் வேரிலிருந்து கிளம்பும் கன்றையும் வேரோடு எடுத்து வைக்கலாம்.

தொட்டி ஒரு அடியாவது ஆழம் வேணும், அடியில் தண்ணீர் வடிய ஓட்டை வேணும். முதல் வருஷம் இலையைத் தொடாதீங்க, ஆசையாகத்தான் இருக்கும். அதன் பிறகும் ஒவ்வொரு இலையாக உருவாமல், நுனியைக் காம்போடு வெட்டி எடுங்க. வெட்டின இடத்துக்குக் கீழே இரண்டு மூணு கிளை விடும். சமையலுக்கு எடுப்பதே கவாத்து பண்ணுவதாகவும் ஆகிவிடும். இந்தப் பக்கம் புளித்த மோரைத் தண்ணீர் கலந்து வேரில் ஊற்றுவார்கள். இளந்துளிரில் பூச்சி தெரிந்தால் கையால் நசுக்கிவிடுங்க, இல்லையென்றால் அந்த நுனியை மட்டும் வெட்டி எறிந்திடுங்க. ஒரு தொட்டிக்கு அது போதும். நாலு இலையில் ஓட்டை விழுந்தால் விழட்டும், அரைத்தபிறகு யாருக்குத் தெரியப்போகுது.